பின்காலனிய விமர்சனம் படிக்கும்போது எங்கே வழுக்குகிறோம்

முதுகலை மாணவர்களின் கட்டுரைகளைப் பல வருடமாகத் திருத்தி வருகிறேன். காலனி ஆட்சி மனிதரிடத்திலும் எழுத்திலும் செய்த வேலையை ஆராயும் பின்காலனியம் பற்றிய தாள் என்றால் முதல் பக்கத்திலேயே மற்றமை, கலப்புத்தன்மை, விளிம்புநிலை என்று சொற்கள் வரிசைகட்டி வந்துவிடும். நாவலிலிருந்து ஒரு வரிகூட இருக்காது. நாவலை மாற்றிக் கொடுத்தாலும் அதே கட்டுரைதான் திரும்பி வரும். கலைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு படைப்பை விட்டுவிடும் இந்தத் தவறிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது.

நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையைப் பாருங்கள். ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' இனவெறி கொண்ட நாவல் என்று அவர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் படிக்க வேண்டியது அவர் அதை நிறுவிய விதம். ஆப்பிரிக்க ஆறு ஒன்றில் செல்லும் ஐரோப்பியர்களின் கதை அது. ஆற்றங்கரை நெடுகிலும் ஆப்பிரிக்கர்கள் வருகிறார்கள். அவர்கள் வாய் திறந்து பேசுவது எத்தனை இடத்தில்? இரண்டே இடம் என்று எடுத்துக் காட்டினார் அச்செபே. ஓர் இடத்தில், கரையில் இருக்கும் ஆட்களைப் பிடித்துக் கொடுங்கள், தின்கிறோம் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் ஒரு பணியாள் எட்டிப் பார்த்து, தந்த வியாபாரியான வெள்ளைக்காரர் கர்ட்ஸ் செத்துவிட்டார் என்று அறிவிக்கிறான். மற்றபடி வெறும் கூச்சலும் உறுமலும்தான். பேச்சைக் கொடுத்த அந்த இரண்டு இடத்தில் எதைப் பேச வைத்தார் நாவலாசிரியர்? இந்தக் கேள்விக்குக் கலைச்சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கிழக்கு நாடுகளை மேற்கு எப்படிச் சித்தரித்தது என்று ஆராய்ந்து இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட எட்வர்ட் சயீதின் 'ஓரியண்டலிசம்' வெளிவர அப்போது இன்னும் மூன்று வருடம் இருந்தது.

சரி, அப்படியானால் கான்ராடைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா? 1966இல் வந்த சயீதின் முதல் புத்தகமே கான்ராடைப் பற்றியது. ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்டு பார்க்'கில் குடும்பத் தலைவர் சர் தாமஸுக்குக் கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் தோட்டம் இருக்கிறது. அடிமை வியாபாரம் பற்றி அவர் வீட்டில் வளரும் உறவுப்பெண் ஃபானி கேட்டதும் அறை அமைதியாகிவிடுகிறது. 1814இல் வந்த அந்த நாவலை இந்த இடங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசிக்கச் சொன்ன சயீத், ஆஸ்டினை ஒதுக்கச் சொல்லவில்லை. 'நல்லவர், கெட்டவர்' என்று எழுத்தாளர்களுக்குச் சான்றிதழ் வழங்குவது விமர்சனம் ஆகாது.

'பின்' என்ற முன்னொட்டும் பலரைக் குழப்புகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு எழுதியது என்று மட்டும் பொருள் கொண்டால், அல்ஜீரிய விடுதலைப் போரில் பங்கெடுத்த சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ஃபனான் எங்கே போவார்? அவர் 1961இல் இறந்தார், அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962இல். காலனியம் மனிதரிடத்திலும் மொழியிலும் செய்த வேலையை, அது கால் வைத்த நாள் முதல் இன்றுவரை சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையின் விமர்சகர்களில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது காயத்ரி ஸ்பிவாக்தான் என்பேன். விளிம்புநிலை மனிதரால் பேச முடியுமா என்று கேட்கும் அவருடைய 1988ஆம் ஆண்டுக் கட்டுரை, முடியாது என்று முடிகிறது. உடனே, ஏழைகளுக்குக் குரல் இல்லை, நாம்தான் அவர்களுக்காகப் பேச வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். பிறருக்காகப் பேசக் கிளம்பும் அறிவுஜீவிகளைக் கேள்வி கேட்கவே எழுதப்பட்ட கட்டுரை அது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு பெண் வருகிறாள்: புவனேஸ்வரி பாதுரி. 1926இல் கல்கத்தாவில், பதினாறு பதினேழு வயதில், தூக்கிட்டு இறந்தாள். இந்திய விடுதலைக்கான ஆயுதப் போராட்டக் குழு ஒன்றில் இருந்தாள், ஒரு அரசியல் கொலை அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது, அதைச் செய்ய அவளால் முடியவில்லை என்பதெல்லாம் ஏறக்குறைய பத்து வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. தவறான உறவில் கருவுற்றதால் இறந்தாள் என்று ஊர் சொல்லும் என்பதை அறிந்து, மாதவிலக்கு வரும்வரை காத்திருந்திருக்கிறாள். தன் உடம்பாலேயே பதில் எழுதிவைத்துவிட்டுப் போனாள். அப்படியும் குடும்பத்தினர் அதைக் காதல் விவகாரமாகத்தான் நினைவு வைத்திருந்தார்கள்.

இதைப் படித்த பிறகு அந்த 'முடியாது' வேறு மாதிரி கேட்கும். அவள் பேசினாள், கேட்கும் காது வாய்க்கவில்லை. அவள் ஏழையும் இல்லை, நடுத்தர வர்க்கம். ஆகவே விளிம்புநிலை என்பதை வறுமைக்கு மறுபெயராக எழுதக் கூடாது. 'முடியாது' என்ற அந்த வரி உசிதமானதல்ல என்று ஸ்பிவாக்கே 1999இல் எழுதினார். கைடு நோட்ஸில் இது எதுவும் இருப்பதில்லை. அதனால்தான் கட்டுரையைக் கடைசிவரை படியுங்கள் என்று வகுப்புக்கு வகுப்பு கெஞ்சுகிறேன்.

அப்புறம், ஓரியண்டலிசம் என்றால் வெள்ளைக்காரர் சொன்ன பொய்கள் என்று சுருக்குவது. உண்மையைச் சொன்னதும் கலைந்துவிடும் பொய்க் கட்டாக அதைக் கருதிவிடாதீர்கள் என்று சயீதே எச்சரித்திருக்கிறார். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார் பாதிரியார் கால்டுவெல். 1849இல் அவர் திருநெல்வேலிச் சாணார்களைப் (இன்றைய நாடார்கள்) பற்றித் தாழ்வாக எழுதிய சிறுநூல் அந்தச் சமூகத்தைக் கொதிக்க வைத்தது. ஏழு வருடம் கழித்து, 1856இல், அதே கை திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியது. தமிழருடைய தன்னுணர்வே அதன்மேல் எழும்பியது. ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிராகரிப்பவர்களும் உண்டு. இந்தப் பாடத்தில் ஆய்வேடு எழுத வருகிறவர்களிடம் இரண்டு நூல்களையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கச் சொல்கிறேன்.