ஒரு சிகரெட் துண்டு ஊறிய நீர் டாஃப்னியாவை என்ன செய்கிறது? வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

குளத்து நீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், கடுகு அளவில் ஏதோ விட்டுவிட்டுத் துள்ளுவது தெரியும். அதுதான் டாஃப்னியா, நீர்த்தெள்ளு. பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும், மீன்குஞ்சுகளுக்கு இரையாகும். நீரில் கலந்த நஞ்சை மீனுக்கு முன்பே காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். 2011-இல் வந்த ஓர் ஆய்வில், லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு சிகரெட் துண்டு ஊறிய நீரில் நான்கு நாளில் பாதி மீன்கள் இறந்தன. டாஃப்னியாவின் உறவான செரியோடாஃப்னியாவை வைத்து 2006-இல் செய்ததில், 48 மணி நேரத்தில் பாதி அசைவிழக்க லிட்டருக்கு 0.03 முதல் 0.08 துண்டே போதுமானதாக இருந்தது. அதாவது ஒரே துண்டு குறைந்தது பன்னிரண்டு லிட்டரைக் கெடுத்துவிடும்.

துண்டின் முனையில் இருப்பது பருத்திப் பஞ்சு இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை. புகைத்தபின் அதில் நிக்கோடின், தார், காட்மியம், ஈயம் எல்லாம் தங்கியிருக்கும். தண்ணீர் பட்டால் நிக்கோடினில் பாதி, முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே கரைந்து வெளியே வந்துவிடுகிறது.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் தண்ணீர். குளோரின் டாஃப்னியாவைக் கொன்றுவிடும், அதனால் குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருங்கள் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் என்ற கிருமிநாசினி கலந்த நீர் என்றால் இப்படி வைத்தும் போகாது, அதை எடுக்க வேண்டாம்). டாஃப்னியா வளரும் தொட்டி நீரையே வடிகட்டிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. டம்ளர்களைச் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். நான் முதல் தடவை அப்படிக் கழுவியதில் நல்ல தண்ணீர் டம்ளரில் இருந்தவையும் செத்துப்போயின, பாவம், எதற்கும் உதவாத சாவு.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நிக்கோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும். புகைத்த துண்டு ஒன்றை ஒரு லிட்டர் நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்த நீரில் 10 மில்லியை எடுத்து 90 மில்லி நல்ல நீரில் கலந்தால் லிட்டருக்கு 0.1 துண்டு, 5 மில்லியை 95-இல் கலந்தால் 0.05, 1 மில்லியை 99-இல் கலந்தால் 0.01. நான்காவது டம்ளரில் வெறும் நல்ல நீர் மட்டும். இந்த நான்காவது டம்ளர் இல்லாவிட்டால் மற்ற மூன்றில் என்ன நடந்தாலும் அதற்கு அர்த்தமில்லை.

ஒவ்வொன்றிலும் ஐந்து டாஃப்னியா போதும். ஆய்வுக்கூடங்களில் ஓர் அளவுக்குக் குறைந்தது இருபது, அதுவும் பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளாக எடுப்பார்கள், ஆனால் நமக்கு வித்தியாசம் கண்ணில் தெரிந்தால் சரி, உயிர்களை வீணாக்க வேண்டியதில்லை. வலையால் அள்ளாதீர்கள், ஓட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் மேலேயே மிதந்து நீந்த முடியாமல் தவிக்கும், அதைப் பார்த்து விஷம்தான் காரணம் என்று தப்பாக எழுதிவிடுவீர்கள். வாய் அகலமான சொட்டுக்குழாயில் உறிஞ்சி, நுனியை நீருக்குள் வைத்தபடி மெதுவாக விடுங்கள். சோதனை முடியும்வரை தீனி வேண்டாம், வெயிலும் படக்கூடாது, 20 டிகிரியை ஒட்டிய இடமாக இருக்கட்டும்.

அப்புறம் 24 மணி நேரத்தில் ஒரு தடவை, 48-இல் ஒரு தடவை எண்ணுங்கள். டம்ளரை லேசாகச் சுழற்றிவிட்டு 15 விநாடி பாருங்கள். அதற்குள் நீந்தாதவை அசைவிழந்தவை, உணர்கொம்பு மட்டும் துடித்தாலும் அந்தக் கணக்குதான். செத்ததா என்று தேடாதீர்கள், அவ்வளவு சின்ன உயிரில் அதை உறுதியாகச் சொல்வது கஷ்டம். நீந்துகிறவற்றிலும் ஒரே இடத்தில் சுற்றுவது, அடியில் போய்க் கிடப்பது போன்ற மாற்றங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையை விட இவைதான் எனக்கு நிறையச் சொல்லியிருக்கின்றன. நல்ல நீர் டம்ளரில் ஒன்று அசைவிழந்திருந்தாலும் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

முடிந்ததும் உயிரோடு இருப்பவற்றைச் சுத்தமான நீருள்ள தனிப் பாத்திரத்துக்கு மாற்றிக் கொஞ்சம் ஈஸ்ட் கரைசல் கொடுங்கள், இரண்டு மூன்று வாரம் குஞ்சு பொரிக்கிறதா என்றும் பாருங்கள். மீந்த துண்டு நீரைச் சாக்கடையிலோ மீன்தொட்டியிலோ ஊற்றக்கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் அகலமான தட்டில் வற்றவிட்டு, அடியில் படிந்ததைக் காகிதத்தால் துடைத்து, துண்டோடு சேர்த்துக் குப்பையில் போடுங்கள்.