ஸ்பிரிட் ஆஃப் தி கேம்னு கத்துறதுக்கு முன்னாடி நாம பண்ற தப்புங்க

2023 ஏப்ரல் 10, ஐபிஎல் மேட்ச், பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியம். நம்ம பெங்களூர் டீம் ஆர்சிபி அடிச்ச 212ஐ லக்னோ துரத்திட்டு வந்து கடைசி பால்ல ஒரே ரன் வேணும், கையில இருக்கறதும் ஒரே விக்கெட். ஆர்சிபி பௌலர் ஹர்ஷல் படேல் ஓடி வர்றாரு, பௌலர் பக்கம் நிக்கிற லக்னோ பேட்ஸ்மேன் பிஷ்னோய் பால் விடறதுக்குள்ள கிரீஸ விட்டு கிளம்பிட்டாரு. அப்படி கிளம்பினா பௌலர் ஸ்டம்ப தட்டி ரன் அவுட் பண்ணலாம். ஹர்ஷல் ஸ்டம்ப தட்டப் பார்த்தாரு, மிஸ் ஆயிடுச்சு, தாண்டிப் போயி திரும்பி எறிஞ்சாரு, அம்பயர் அவுட் கொடுக்கல. அடுத்து பேட்ல படாமலே ஒரு ரன் (பை) ஓடி லக்னோ ஜெயிச்சிருச்சு.

அல்சூர்ல நாங்க உக்கார்ற டீக்கடையில "ஐயோ, தட்டியிருக்கலாமேடா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டான் ஒரு ஃப்ரெண்டு. இதே ஆளு 2019ல ஜெய்ப்பூர்ல அஸ்வின் பட்லர அப்படியே அவுட் பண்ணப்ப "இதெல்லாம் ஒரு பொழப்பா, ஸ்பிரிட் ஆஃப் தி கேம் எங்க போச்சு"ன்னு, அதாவது ஆட்டத்துக்குன்னு இருக்கற நாகரிகம் எங்கன்னு, காறித் துப்பினவன். கேட்டா "அது வேற, இது வேற"ங்கறான். நம்ம எல்லாரும் பண்ற முதல் தப்பு இதான், ஜெர்சி கலர பாத்துட்டு நியாயம் பேசறது.

அடுத்த தப்பு, இப்படி அவுட் பண்றதுக்கு முன்னாடி வார்னிங் கொடுக்கணும்னு ஒரு ரூல் இருக்குன்னு நம்பறது. அப்படி ஒண்ணும் கிடையாது. 1947 டிசம்பர்ல சிட்னி டெஸ்ட்ல இந்திய பௌலர் வினு மன்கட் ஆஸ்திரேலியாவோட பில் பிரவுன இப்படி ரன் அவுட் பண்ணாரு, அதுக்கு முன்னாடி டூர் மேட்ச்ல வார்னிங் கொடுத்துதான் பண்ணியிருந்தாரு, அப்பவும் எழுபது எம்பது வருஷமா இந்த அவுட்டுக்கே 'மன்கட்'னு பேர் வெச்சு, திட்டு மாதிரி அவர் பேரத்தான் இழுக்கறாங்க. ஆஸ்திரேலியா கேப்டன் பிராட்மேனே மன்கட் மேல தப்பு இல்லன்னு எழுதினாரு, அது யாருக்கும் ஞாபகம் இல்ல. 2022 அக்டோபர்ல இந்த அவுட்ட 'நியாயமில்லாத ஆட்டம்'ங்கற 41ஆவது சட்டத்துல இருந்து எடுத்து, சாதா ரன் அவுட் இருக்கற 38ல போட்டுட்டாங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் லார்ட்ஸ்ல இந்தியாவோட தீப்தி சர்மா இங்கிலாந்தோட சார்லி டீன இப்படி அவுட் பண்ணி பெரிய சண்டை. ஹர்ஷல் கேஸ்ல ஏன் கொடுக்கலன்னா, பௌலர் சாதாரணமா பால விடவேண்டிய நேரம் வரைக்கும்தான் இந்த ரன் அவுட்டுக்கு டைம், அத தாண்டிட்டா முடிஞ்சது.

இலங்கையோட மேத்யூஸ், லேட்டா ரெடியானதுக்காக 'டைம்ட் அவுட்' ஆனதும் இதே கதைதான். 2023 உலகக்கோப்பை, டெல்லி, ஹெல்மெட் ஸ்ட்ராப் அந்துருச்சு, பங்களாதேஷ் கேப்டன் ஷகிப் அப்பீல் பண்ணிட்டாரு. ரெண்டு நிமிஷத்துல பால ஆட ரெடியா இருக்கணும், அவ்ளோதான் ரூல். ஷகிப் அப்பீல வாபஸ் வாங்கியிருக்கலாமான்னா வாங்கியிருக்கலாம், அது கேப்டன் கையில இருக்கற உரிமை. ஆனா வாங்கலைங்கறதுக்காக திருட்டுப்பயன்னு சொல்றது ஓவர்.

இதுக்கு நேர் எதிர் தப்பும் இருக்கு, "ரூல்ல இருக்கு, மூடிட்டு போ"ங்கறது. 1981ல மெல்போர்ன்ல ஆஸ்திரேலியா கேப்டன் கிரெக் சாப்பல் தம்பிய வெச்சு கடைசி பால உருட்டி விடச் சொன்னாரே, நியூசிலாந்துக்கு சிக்ஸர் வேணும்ங்கறப்ப, அதுவும் அன்னிக்கு ரூல்படி ஓகேதான். ஆனா இன்னிக்கு வரைக்கும் அத பாத்தா கூச்சமா இருக்கு இல்ல?

ஆஸ்திரேலியாக்காரங்க சாண்ட்பேப்பரால பால தேய்ச்ச விஷயத்த இதுல சேக்கறது சுத்த தப்பு. 2018 கேப்டவுன்ல நடந்தது ஸ்பிரிட் பிரச்சனையே இல்ல, நேரா ரூல மீறினது, அதனாலதான் ஸ்மித், வார்னருக்கு 12 மாசம், பேங்க்ராஃப்டுக்கு 9 மாசம் தடை. 2017ல இங்க நம்ம சின்னசாமியில ஸ்மித் டிஆர்எஸ் (அம்பயர் முடிவ டிவி ரிவியூக்கு அனுப்பறது) கேக்கலாமான்னு டிரெஸ்ஸிங் ரூம பாத்தாரே, அதுவும் ரூல் மீறின அந்த கணக்குதான். ஸ்பிரிட்டுங்கறது, ரூல் உனக்கு ஒரு சான்ஸ் கொடுத்தும் நீ என்ன பண்றங்கறது.

அதுக்கு உதாரணம் வேணும்னா வெளிய தேடவே வேணாம், நம்ம ஊர்க்காரர் குண்டப்பா விஸ்வநாத் இருக்காரு. 1980, பம்பாய், கோல்டன் ஜூபிலி டெஸ்ட், இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட்னு தடுமாறுது, அப்புறம் பாப் டெய்லருக்கு கேட்ச்னு அம்பயர் விரல தூக்கிட்டாரு. பால் பேட்ல படலன்னு தெரிஞ்சு கேப்டன் விஷி அவர திரும்பக் கூப்பிட்டாரு. டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன், இந்தியா 10 விக்கெட்ல தோல்வி. "ஏமாளி"ன்னு இன்னிக்கும் சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படி தோணல, அதே சமயம் எல்லா கேப்டனும் அப்படித்தான் இருக்கணும்னு அடம்பிடிக்கறதும் தப்புதான், அது அவரா விரும்பி கொடுத்தது, கடன் மாதிரி வசூல் பண்ண முடியாது.

எங்க ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச்ல இதுக்கெல்லாம் டாஸுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருவோம், மன்கட் உண்டா இல்லையான்னு. போன வாரம் உண்டுன்னு முடிவாச்சு. மூணாவது ஓவர்லயே சிக்கினவன் அந்த டீக்கடை ஃப்ரெண்டுதான். பேட்ட தூக்கிட்டு அங்கயே நின்னுட்டான், "வார்னிங்கே கொடுக்கலையேடா!"