மஞ்சள் சாயத்தைச் சர்க்கரைப் பாகில் இறக்கி அளப்பது எப்படி?

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ஆய்வுக்கூடங்களில் மெத்தனால், அசிட்டோன் என்று ஊற்றிப் பிரிப்பார்கள். மெத்தனால் உள்ளே போனால் பார்வையே போகும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு அடுப்படிக்கு அது வேண்டாம். சிட்ரிக் அமிலமும் குளுக்கோஸ் மாவும் போதும்.

இரண்டுமே தூள்தான். கொஞ்சம் தண்ணீரோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் பிணைப்பால் (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாகாகிவிடும். 2003இல் வேதியியலாளர் அபோட்டின் குழுவினர் 302 பாகையில் (டிகிரி செல்சியஸ்) உருகும் கோலின் குளோரைடு என்ற உப்பையும் 133 பாகையில் உருகும் யூரியாவையும் 1:2 மோல் கணக்கில் (மூலக்கூறு எண்ணிக்கைப்படி) கலந்தார்கள். உருகுநிலை 12 பாகைக்கு இறங்கிவிட்டது! நம் பாகும் அந்த வழியில் வந்ததுதான்.

பாகு: நீரற்ற சிட்ரிக் அமிலம் 19.2 கிராம், குளுக்கோஸ் 18 கிராம், தண்ணீர் 6.5 மில்லி. கண்ணாடிக் குவளையில் போட்டு, 60 பாகை வெந்நீரில் நிறுத்தி, தெளியும்வரை கிண்டுங்கள். நேரடித் தீ வேண்டாம். பாகு பழுப்பேறினால் அளவு பொய்யாகும்.

இறக்குதல்: 10 கிராம் பாகில் அரை கிராம் மஞ்சள்தூள். 50 பாகையில் அரைமணி நேரம், அடிக்கடி கிண்டியபடி. சூட்டோடு நெருக்கமான துணியில் பிழிந்து, ஓர் இரவு தெளியவிட்டு மேலாக எடுங்கள்; இதுதான் சாறு. இன்னொரு குவளையில் இதே அளவு தூளை 10 கிராம் 70% எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுங்கள். இது ஒப்பிட. எத்தனாலைத் திறக்கும்போது அடுப்பு அணைந்திருக்கட்டும்.

அளத்தல்: இங்கேதான் முதல் தடவை சறுக்கினேன். பாகு கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றினேன், கலங்கிப்போனது. காலமெல்லாம் பால் மரம் (ரப்பர்) வெட்டிய பாட்டி எட்டிப் பார்த்து, "என்னய்யா, பால் திரிஞ்சிபோச்சா?" என்றார். திரிந்தது போலத்தான்: தண்ணீர் கூடினால் பாகின் பிடி தளர்ந்து குர்குமின் வெளியே வந்துவிடும். அதனால் 70% எத்தனாலிலேயே நீர்க்கச் செய்யுங்கள்: 0.2 கிராம் சாறுக்கு 40 மில்லி. வெறும் பாகையும் இதே கணக்கில் கலந்து வையுங்கள்.

ஒப்பீட்டுச் சாற்றையும் இப்படியே கலந்து, அதை 100 என்று கொண்டு, மேலும் 70% எத்தனால் சேர்த்து 80, 60, 40, 20 எனச் செறிவு குறையும் படிகள் செய்யுங்கள். ஒரே மாதிரிக் குப்பிகள், பின்னால் வெள்ளைத் தாள், ஒரே வெளிச்சம். கைப்பேசியில் படமெடுத்து, நிறம் காட்டும் செயலியில் நீல நிறத்துக்கான எண்ணைப் பாருங்கள். குர்குமின் விழுங்குவது நீல ஒளியை, 425 நானோமீட்டரை ஒட்டி. வெறும் பாகுக்கு 200, சாறுக்கு 50 என்றால் 200ஐ 50ஆல் வகுத்து 10 அடிமான மடக்கை (log) எடுங்கள்: 0.60. படிகளுக்கும் இப்படியே எடுத்து (அவற்றுக்கு வெறும் எத்தனால்தான் அடிப்படை) வரைபடம் போட்டால், எத்தனால் இறக்கியதில் எத்தனை விழுக்காட்டை உங்கள் பாகு இறக்கியது என்று தெரியும்.

மிச்சப் பாகைக் கொட்டாதீர்கள். இப்போதெல்லாம் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றித் திரியவிட்டு, அடியில் தங்கும் மஞ்சளை வடிதாளில் பிடித்துக்கொள்கிறேன்.