பத்துத் தாள், அப்புறம் ஒரு ரோல்: இன்ஸ்டன்ட் கேமராவும் ஃபிலிமும் புதிதாகத் தொடங்குவோருக்கு

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில், மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் படங்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தவர்களும் தங்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நம் குடும்பங்கள் சிலவற்றில் கொள்ளுத்தாத்தாவின் படம் என்று இருந்தால் அது அந்தப் படம்தான். முகம் இருக்கும், எண் இருக்கும். அவர் சாப்பிட்ட தட்டு, உட்கார்ந்த இடம், கரும்புத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் சட்டையை மாட்டிய ஆணி, இதெல்லாம் அதில் இல்லை. எதைப் படமெடுப்பது என்று முடிவு செய்தது அரசாங்கம்.

அந்தத் தட்டையும் ஆணியையும் படமெடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கைபேசியிலும் எடுக்கலாம், தடையில்லை. ஆனால் இன்ஸ்டன்ட் தாளிலும் ஃபிலிமிலும் ஒவ்வொரு படத்துக்கும் காசு போகிறது. ஒரு தாளின் விலைக்கு ஒரு ஜோடி டோல் பூரி சாப்பிடலாம். அதனால் பட்டனை அழுத்தும் முன் ‘இதை ஏன் எடுக்கிறேன்?’ என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்காகத்தான் இதைப் பரிந்துரைக்கிறேன். பழைய காலத்து நிறம் மட்டும் போதும் என்றால் கைபேசி ஃபில்டரே போதும், மலிவும்கூட.

படி 1: கேமராவைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. இன்ஸ்டாக்ஸ் மினி, போலராய்டு, 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமரா.

இன்ஸ்டாக்ஸ் மினியில் ஒரு பேக்குக்குப் பத்துத் தாள். தாள் வங்கி அட்டை அளவு, படம் 62-க்கு 46 மில்லிமீட்டர். ஒன்றரை நிமிடத்தில் படம் தெளிந்துவிடும். என்னைக் கேட்டால் முதல் கேமரா இதுதான்.

போலராய்டின் கதை வேறு. எட்வின் லேண்ட் இந்தத் தொழில்நுட்பத்தை 1947-இல் காட்டினார், 1948-இல் கேமரா விற்பனைக்கு வந்தது. இன்றைய போலராய்டு தாளின் கீழ்ப்பக்கத்தில் அகலமான வெள்ளை ஓரம் இருக்கிறதே, அதற்குள் ரசாயனப் பசை நிரம்பிய சின்னப் பைகள் இருக்கின்றன. தாள் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பைகளை நசுக்கிப் பசையைப் படம் முழுக்கப் பரப்புகின்றன. அதனால் உருளையில் காய்ந்த பசை ஒட்டியிருந்தால் படத்தில் கோடு விழும். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். படத்தை உதறவும் கூடாது. உதறினால் சீக்கிரம் தெளியும் என்பது பழைய நம்பிக்கை, இன்றைய தாளில் காய வேண்டியது எதுவும் இல்லை.

போலராய்டில் நமக்கு ஒரு சிக்கல், வெயில். இந்தத் தாள் 13 முதல் 28 டிகிரி வரைதான் சரியாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் படம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ சாயும். ஜனவரியில் போர்ட் லூயிஸில் எடுத்தால் அப்படித்தான் வரும். ஆகஸ்டில் கியூர்பிப்பின் மேகமூட்டத்தில் அதே தாள் அழகாக வேலை செய்யும். பேக்குக்கு எட்டே தாள் வேறு. ஆகவே போலராய்டை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிம் கேமராவை மாமாவோ சித்தப்பாவோ அலமாரியில் எங்காவது போட்டு வைத்திருப்பார். வெளியே வாங்குவதற்கு முன் வீட்டில் கேளுங்கள். கிடைத்ததும் பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்தின் பக்கம் காட்டி, ஷட்டரை (வெளிச்சத்தை மறைக்கும் திரை) திறந்து பிடித்தபடி உள்ளே பாருங்கள். மெல்லிய வெள்ளை நூல் பின்னிக்கிடப்பது போலத் தெரிந்தால் பூஞ்சை. நம் தீவின் ஈரத்தில் இது சாதாரணம், லேசாக இருந்தால் படம் வரும். காசு கொடுத்து மட்டும் அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். பின்கதவின் ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்சு கரைந்து பிசுபிசுத்தால் வெளிச்சம் உள்ளே கசியும். அதை மாற்றுவது கடினமில்லை.

படி 2: தாளையும் ரோலையும் பத்திரப்படுத்துங்கள்

பிரிக்காத பேக்கை மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் உடனே பிரிக்க வேண்டாம், ஓரிரண்டு மணி நேரம் வெளியே இருந்தால் உள்ளே நீர் பூக்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

படி 3: முதல் இன்ஸ்டாக்ஸ் பேக்

பேக்கின் மஞ்சள் குறியும் கேமராவின் மஞ்சள் குறியும் ஒன்றாக வரும்படி உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். பேக்கின் பின்பக்கம் உள்ள இரண்டு சதுரத் துளைகளை விரலால் அழுத்தக் கூடாது. முதல் முறை பட்டனை அழுத்தினால் கறுப்பு மூடி வெளியே வரும். அது படம் இல்லை, பயப்பட வேண்டாம். கேமரா காட்டும் மீதித் தாள் எண் சைபருக்கு வரும் வரை கதவைத் திறக்காதீர்கள்.

இனி வெளிச்சம். இன்ஸ்டாக்ஸ் தாளின் வேகம் ஐஎஸ்ஓ 800, அதாவது வெளிச்சத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மினி 11, மினி 12 போன்ற கேமராக்களின் லென்ஸ் துளை எஃப் 12.7 (இந்த எண் கூடக் கூடத் துளை சிறிது). அவற்றின் ஷட்டர் அதிகபட்சம் நொடியில் 250-இல் ஒரு பங்கு வேகத்தில்தான் மூடும். பிளிக் ஆன் பிளாக் கடற்கரையின் நடுப்பகல் வெயிலுக்கு இந்த வேகம் போதாது, மணலும் வானமும் வெளுத்துப்போகும். கேமரா பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு முன், மாலை நான்குக்குப் பின், அல்லது வராந்தாவின் நிழல், இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் எட்டும் தூரம் சுமார் இரண்டரை மீட்டர். சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர் வரை வெளிச்சம் போகும், கூடத்தின் கடைசி வரை போகாது. அப்புறம், லென்ஸும் நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் துளையும் ஒரே இடத்தில் இல்லை. கிட்டப்போய் எடுக்கும்போது நடுவில் வைத்த பொருள் படத்தில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். கேமராவை லென்ஸ் இருக்கும் பக்கத்துக்கு எதிராகக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகும். எவ்வளவு என்பது முதல் பேக்கிலேயே கைக்குப் பழகிவிடும்.

படி 4: பத்துத் தாளை எதற்குச் செலவழிப்பது?

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். முதல் பேக்கில் சிரிக்கும் முகங்கள் வேண்டாம். சிரிக்கும் முகம் எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து, தினமும் யாரோ ஒருவரின் கை படும் பொருள்களை மட்டும் பாருங்கள். ஏழு கறி சமைக்கும் நாளில் வெளியே வரும் பெரிய பாத்திரம். சாமி அறையில் எண்ணெய் படிந்த விளக்கு. அப்பாவின் வேலைத் தொப்பி. மூலைக்கடையில் கணக்கு எழுதும் நோட்டு, கடைக்காரர் சம்மதித்தால். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எடுக்கும் முன் அதை வைத்திருப்பவரிடம் போய்ப் பேசுங்கள்.

“இந்தக் கரி பிடிச்ச பாத்திரத்தைப் போய் எதுக்குப்பா படம் எடுக்கிற?” என்று பாட்டி கேட்பார்.

“இது யார் வாங்கினது பாட்டி?” என்று திருப்பிக் கேளுங்கள்.

அதற்கு வரும் பதில்தான் படத்தின் மறுபாதி. யாருடைய கல்யாணத்துக்கு வந்தது, எந்தப் புயலில் எந்த மூடி தொலைந்தது, யார் அதைக் கேட்டும் தராமல் இருந்தார், எல்லாம் வரும். அவர் சொன்னதில் ஒரு வரியை மட்டும் எடுத்துத் தாளின் வெள்ளை ஓரத்தில் எழுதுங்கள். சாதாரணப் பேனா வழுக்கும், அழியாத மெல்லிய மார்க்கர் வேண்டும். பதில் கிரியோலில் வந்தால் கிரியோலிலேயே எழுதுங்கள். தேதியும் போடுங்கள். “என் அன்புப் பாட்டி” வகை வரிகளைத் தவிர்த்துவிடுங்கள், பத்து வருடம் கழித்து அதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. “1975 புயலுக்கு முன்னாடி வாங்கினது” என்பது போன்ற வரி ஒரு தகவலாவது சொல்லும்.

இன்ஸ்டன்ட் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது, பிரதி ஒன்றுதான். அதனால் ஆளை எடுத்தால் இரண்டு தாள் செலவழியுங்கள். முதல் படத்தை அவர் கையில் கொடுங்கள், இரண்டாவது உங்களுக்கு. பசாரில் காய்கறி விற்பவரிடம் கேமராவை நீட்டும் முன் இதைச் சொல்லிவிட்டால் முகமே மாறும்.

கோவிலில் கேட்காமல் எடுக்காதீர்கள். இந்த வகைக் கேமராவில் ஃபிளாஷ் எரிந்தே தீரும், சன்னதிக்கு முன் அது யாருக்கும் பிடிக்காது. தைப்பூசக் காவடியன்று ஊரே கேமராவோடு தெருவில் நிற்கும். அலகு குத்தியவரின் முகத்துக்கு நேராக நீங்களும் போய் நிற்க வேண்டியதில்லை. அதற்கு முந்தின நாள் வீட்டில் காவடி கட்டுவார்கள். சட்டம், பூ, கயிறு, தரையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கும் அத்தை. என்னைக் கேட்டால் பண்டிகையின் நல்ல படங்கள் அங்கேதான் இருக்கின்றன.

படி 5: ஃபிலிம் ரோலுக்கு மாறுங்கள்

இரண்டு மூன்று பேக் முடிந்ததும் 35 மில்லிமீட்டருக்கு வரலாம். ஐஎஸ்ஓ 200 கலர் ரோல் ஒன்று, 36 படம் வரும். நிழலிலும் வீட்டுக்குள்ளும் அதிகம் எடுப்பதாக இருந்தால் 400.

ரோலை இடப்பக்கக் குழியில் வைத்து, நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் முனையை வலப்பக்க உருளையின் இடுக்கில் செருகி, ஓரத் துளைகள் பற்சக்கரத்தில் உட்கார்ந்தனவா என்று பார்த்துக் கதவை மூடுங்கள். அதன்பின் சுற்றும்போது இடப்பக்கம் மேலே உள்ள குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை.

வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்துப்போயிருந்தாலும் கவலை வேண்டாம், வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் துளை எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு மிக அருகில். 200 ரோலுக்கு அது 250, அதாவது நொடியில் 250-இல் ஒரு பங்கு. மேகம் மூடினால் துளையை எஃப் 8-க்குத் திறங்கள், வெயில் படாத நிழலில் எஃப் 5.6 அல்லது 4. வீட்டுக்குள் இந்தக் கணக்கு உதவாது, கைபேசியில் இலவச மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி அதிக வெளிச்சம், அதாவது இரு மடங்கு, கொடுங்கள். கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்த வெளிச்சத்தைத் தாங்காது. நிழல் பகுதி சேறாகிவிடும்.

எதை எடுப்பது? ஒரு ரோலை ஒரே இடத்துக்குக் கொடுங்கள் என்பேன். நம் ஊருக்கென்றே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும்போது எதிர்வீடு தெரியாது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை அறுவடை. வெட்டிய மறுநாள் வீடும் மலையும் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கும். பஸ் நிறுத்தத்தின் ஒரே கம்பத்தில் சாய்ந்து, அதே உயரத்தில், அதே துளை அளவில் மாதம் ஒரு படம் எடுங்கள். மீதிப் படங்களை அந்த நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்துக்குச் செலவழிக்கலாம். சின்ன நோட்டில் படத்தின் எண்ணும் ஒரு வரியும் எழுதிவாருங்கள். ரோல் கழுவி வரும்போது எது எப்போது என்று மறந்திருக்கும்.

36 முடிந்ததும் அடிப்பக்கப் பொத்தானை அழுத்தி, ஃபிலிமைப் பழைய டப்பாவுக்குள் முழுக்கச் சுற்றிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். தானாகச் சுற்றும் கேமராவில் இந்த வேலை இல்லை.

படி 6: கழுவக் கொடுப்பது

கலர் ரோலுக்கு சி-41 என்ற முறை. கிட்டத்தட்ட 38 டிகிரியில் நடக்கிறது, அதை ஸ்டூடியோவிடமே விட்டுவிடுங்கள். கொடுக்கும்போதே “நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும்” என்று சொல்லுங்கள். ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப்போடும் இடங்கள் உண்டு. சென்னைக்கோ பாரிசுக்கோ போகும் உறவினரிடம் கொடுத்தனுப்பினால் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், பெட்டிகளைப் பார்க்கும் ஸ்கேனர் கழுவாத ஃபிலிமைக் கெடுக்கும். கைப்பைக்கான புதிய சிடி (CT) ஸ்கேனர்களும் கெடுக்கும். அதனால் ஃபிலிமைக் கையால் சோதிக்கும்படி கேட்கலாம்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். இல்ஃபோர்ட் எச்பி5 ரோலுக்கு, நீர் சேர்க்காத டி-76 டெவலப்பர் (படத்தைத் தெரியவைக்கும் ரசாயனம்) கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். கோடையில் கடலோர ஊர்களின் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு, பாட்டிலைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிர வைக்க வேண்டும்.

படி 7: வைத்துக்கொள்வது

பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பம் வேண்டாம். அந்தப் பசை வருடக்கணக்கில் படத்தைத் தின்னும். உறையில் செருகும் வகையை வாங்குங்கள். இன்ஸ்டன்ட் படத்தைச் சுவரில் மாட்டினால் நேர் வெயில் படாத சுவராக இருக்கட்டும். நெகட்டிவுக்குத் தனி உறை, மேலே ஊர், வருடம், குடும்பப் பெயர்.

புயல் பருவத்துக்கு என்று ஒரு ஜிப் பையை ஒதுக்கி வையுங்கள், உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். வானிலை நிலையம் முதல் வகுப்பு எச்சரிக்கை கொடுத்ததும் பாஸ்போர்ட்டோடும் பிறப்புச் சான்றிதழோடும் நெகட்டிவ் உறைகளும் அந்தப் பைக்குள் போய், வீட்டின் உயரமான அலமாரிக்கு ஏறிவிட வேண்டும்.