ஏரோஸ்பேஸ் மேற்படிப்பு: விண்ணப்பிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி லீவில் தேவகோட்டைத் தம்பி ஒருவர் காரைக்குடிக்கு வந்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று இரண்டு பக்கத்தை நீட்டினார். ஏரோஸ்பேஸ், அதாவது விமான, விண்வெளிப் பொறியியல், முதுநிலைப் படிப்புக்கு அனுப்பும் நோக்கக் கடிதம், எஸ்ஓபி என்பார்களே, அது. முதல் வரியே, சின்ன வயதில் மொட்டை மாடியில் நின்று விமானம் பார்த்த கதை. எல்லார் வீட்டு மாடியிலிருந்தும் விமானம் தெரியும், தம்பி. படிக்கிற பேராசிரியருக்கு அந்த வரி மனப்பாடம்.

கடைசி வருஷ புராஜெக்ட் என்னவென்று கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார். பழைய வீட்டின் பின்கட்டில் ஒட்டுப்பலகையால் சின்னதாக ஒரு காற்றுச் சுரங்கம் (காற்றை ஓடவிட்டு மாதிரிகளைச் சோதிக்கும் பெட்டி) கட்டியிருக்கிறார். முன்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனை வைத்து ஊதியபோது ஊதுபத்திப் புகை முறுக்கிக்கொண்டு போனது. ஜூஸ் ஸ்ட்ராக்களை நறுக்கித் தேன்கூடு மாதிரி நெருக்கி ஒட்டி வைத்தும் முழுசாக அடங்கவில்லை. ஃபேனைப் பின்பக்கம் மாற்றி, ஊதுவதற்குப் பதில் இழுக்க விட்டதும் புகை கோடு போட்டது போல் ஓடியது. ஃபேன் இறக்கைகள் கிளப்பும் சுழல் இப்போது சோதனைப் பகுதிக்குள் வராமல் வெளியே போய்விடுகிறது. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார். இதைத்தான் எழுத வேண்டும். எங்கே சொதப்பியது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை எழுதினால் அது உங்கள் கடிதம். மற்றதெல்லாம் ஊர்க் கடிதம்.

இன்னொரு லாபமும் உண்டு: எந்தப் பிரிவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஏரோஸ்பேஸ் என்று ஒற்றைப் பாடம் கிடையாது. காற்றியக்கவியல், உந்துவிசை, கட்டமைப்பு, பறத்தல் இயக்கவியலும் கட்டுப்பாடும் என்று நாலு திசை. பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்து, ராக்கெட் எஞ்சின் கனவோடு கூட்டுப்பொருள் (காம்போசிட்) பலகையின் விரிசலை இரண்டு வருஷம் அளந்தவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டிலும் குழப்பம் உண்டு. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் நடத்திய அழகப்பச் செட்டியாரின் ஊர் இது. பெரியவர்களுக்கு ஏரோஸ்பேஸ் என்றாலே விமானம் ஓட்டுவதுதான். ஏஎம்இ எனும் விமானப் பராமரிப்புப் படிப்பும் வேறு. அதற்கு டிஜிசிஏ எனும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் வாங்க வேண்டும். அட்மிஷன் ஏஜென்ட் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார், ஜாக்கிரதை.

"இஸ்ரோவுக்குப் போக ஏரோஸ்பேஸ் எம்.டெக் வேணும்" என்பதும் தப்பு. இஸ்ரோ விஞ்ஞானி/பொறியாளர் வேலைக்கு மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்கள் பி.இ.யோடு விண்ணப்பிக்கிறார்கள். அது ஒன்றுதான் ஆசை என்றால் மேற்படிப்பு கட்டாயமில்லை.

எம்.டெக் சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வு விஷயத்துக்கு வருகிறேன், அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். மெக்கானிக்கல் பிள்ளைகள் ஏஇ எனும் ஏரோஸ்பேஸ் தாள்தான் எழுத வேண்டும் என்று பயந்து, தெரியாத பாடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பல ஏரோஸ்பேஸ் துறைகள் எம்இ எனும் மெக்கானிக்கல் தாளையும் ஏற்கின்றன. அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கள். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். ஆனால் மதிப்பெண் வந்துவிட்டால் சீட்டு தானாக வராது. ஒவ்வொரு ஐஐடிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐஐடிகளுக்குப் பொதுவான கோஆப் இணையதளம், வந்த சீட்டு அழைப்பை ஏற்கவோ மறுக்கவோ மட்டுமே. அதில் பதிந்துவிட்டு மே மாதம் வரை காத்திருந்த ஒருவருக்கு எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. அழைப்பை மறுத்தால் அதே படிப்பு திரும்ப வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஐஐடி மெட்ராஸின் எம்.எஸ். ஆராய்ச்சிப் பட்டம்; அதற்குக் கோஆப் கிடையாது, தனி விண்ணப்பம், நேர்காணல். கேட் தகுதியோடு எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. கடன் கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாடு? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நம் பாட்டன்மார் சம்பளச் சீட்டு எனும் ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்று எழுதிக்கொண்டுதான் போனார்கள். நாம் 40 லட்சம் கடன் வாங்கிவிட்டு நிபந்தனையைப் படிக்காமல் போகிறோம். அமெரிக்காவில் ராக்கெட், ராணுவ விமானம் சார்ந்த தொழில்நுட்பம் ஐடார் எனும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை அந்த வேலையில் சேர்க்க நிறுவனம் தனி அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலானவை அந்தப் பக்கமே போவதில்லை. படிப்பு முடிந்தபின் அங்கேயே வேலை பார்க்க ஓபிடி எனும் அனுமதி ஒரு வருஷமும் கூடுதலாக இரண்டு வருஷமும் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் எந்தக் கதவு திறக்கும் என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காற்று, திரவ ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணிப்பது, அதிர்வு, கட்டுப்பாடு என்று வேறு துறைக்கும் எடுத்துப்போகக்கூடிய திறமை கையில் இருந்தால் பிழைக்கலாம்.

ஜெர்மனி என்றால், உங்கள் பட்டம், மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழை முதலில் வாங்குங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. கட்டணமே இல்லை என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது.

தம்பி கடிதத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தக் காற்றுச் சுரங்கப் பெட்டியை உடனே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவர் ஆத்தா அதைக் குப்பையில் போட்டுவிடுவார்.