தேயிலைத் தூளில் ஒரு வணிகப் பாடம்

'மாஸ் கஸ்டமைசேஷன்', அதாவது மொத்தமாகத் தயாரித்தும் ஆளுக்கேற்ற மாதிரி கொடுப்பதை, போர்டில் எழுதி விளக்கினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து ஆசிரியர்களுக்குத் தேயிலைத் தூளே போதும். சாதா, ஏலக்காய், சுக்கு என 3 ருசி, 2 அளவு, 4 நிற லேபிள் வைத்தால் 24 வகை வந்துவிடும். பாதிப் பேர் சீட்டில் ஆர்டர் எழுதட்டும், மீதிப் பேர்தான் ஃபேக்டரி.

முதல் சுற்றில் ஒவ்வொரு ஆர்டரையும் முதலிலிருந்து செய்யட்டும். அடுத்த சுற்றில் சாதா தூளை இரண்டு அளவிலும் முன்பே கவரில் நிரப்பி, ஒட்டாமல் வையுங்கள். ஆர்டர் வந்த பிறகுதான் ருசிப்பொடியும் லேபிளும். இரண்டு சுற்றுக்கும் செல்போனில் நேரம் குறியுங்கள். எந்த வேலையை முன்பே முடிக்கலாம், எதைக் கடைசிவரை தள்ளிப்போடலாம் என்று சண்டை வரும். வரட்டும், பாடமே அதுதான். இத்தாலியின் பெனட்டன் என்ற துணி நிறுவனம் சாயம் போடாமலே ஸ்வெட்டரைப் பின்னி வைத்து, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்து அப்புறம் சாயம் ஏற்றிய கதையை அந்தச் சமயத்தில் சொல்லுங்கள்.

தராசு வேண்டாம், ஸ்பூன் அளவு போதும். மழை நாளில் மட்டும் தூளைத் திறந்து வைக்காதீர்கள், நமத்துவிடும்.