லைசன்ஸ் ரிவால்வருக்குக் கூடுதல் தோட்டா: வாங்குவது முதல் இடுப்பில் வைப்பது வரை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, தங்கசாலை, சௌகார்பேட்டை, காசிமேடு என்று வடசென்னையில் ராத்திரி கடை அடைத்துவிட்டுக் கையில் பணத்தோடு வீடு திரும்புகிறவர்கள் நிறைய. அவர்களில் சிலர் தற்காப்புக்கென்று முறையாக லைசன்ஸ் எடுத்து ரிவால்வர் வைத்திருக்கிறார்கள். அடகுக்கடை வைத்திருக்கும் நானும் அதில் ஒருவன். புதிதாக லைசன்ஸ் வாங்குகிற நண்பர்களைப் பார்க்கிறேன். எந்த மாடல், எந்த உறை என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். தோட்டா விஷயத்துக்கு வந்தால் மட்டும் ஆறைத் துப்பாக்கியில் போட்டுவிட்டு மீதியைச் சாவிக்கொத்தோடு சேர்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடுதலாக எடுத்துப் போகும் ஆறு தோட்டாவும் நீங்கள் கணக்குச் சொல்லியாக வேண்டிய ஆறு பொருள்கள். எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, நல்ல நிலையில் இருக்கிறதா என்று எந்த நேரத்திலும் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு இடம் கொடுக்கிற வழிதான் நல்ல வழி. மற்றதெல்லாம் அடுத்தபடி.

ஆறு போதாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் சுடவே வேண்டியிருக்காது. அப்படியே வந்தாலும் ஆறுக்குள் முடிந்துவிடும். ஆனால் தோட்டா பழசாகி வெடிக்காமல் போகலாம். பதற்றத்தில் இரண்டு தோட்டா கை தவறிக் கீழே விழலாம். சம்பவம் முடிந்து போலீஸ் வரும்வரை காலித் துப்பாக்கியோடு நிற்க வேண்டிவரலாம். ஆகவே இன்னும் ஒரு ஆறு. பன்னிரண்டு, பதினெட்டு என்று இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

முதல் வேலை: லைசன்ஸ் புத்தகத்தைப் படியுங்கள்

1959 ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்தேதான் சொல்கிறது. துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருக்கிறது, தோட்டா எத்தனை இருந்தால் என்ன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஒரு வருடத்தில் எத்தனை வாங்கலாம் என்ற இரண்டு எண்களும் உங்கள் லைசன்ஸிலேயே எழுதியிருக்கும். பக்கத்துக் கடைக்காரருக்கு எவ்வளவு என்பது உங்களுக்குப் பொருந்தாது. வீட்டுப் பெட்டியில் இருப்பது, துப்பாக்கியில் இருப்பது, இடுப்பில் இருப்பது மூன்றும் சேர்ந்துதான் கணக்கு.

லைசன்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கத்தோடு உங்கள் எல்லை முடிந்தது. அடுத்து வரும் தடா ஆந்திரா. சரக்கு பார்க்கப் போகிறோம், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவோம் என்றாலும் துப்பாக்கியும் தோட்டாவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது: சரியான தோட்டாவைக் கேட்டு வாங்குங்கள்

இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். லைசன்ஸில் துப்பாக்கியின் அளவு .32 என்று இருக்கும். கடையில் .32 என்று இரண்டு வகை உண்டு. பிஸ்டலுக்கான .32 ஏசிபி சுமார் 25 மில்லிமீட்டர் நீளம், அடி விளிம்பு மிகச் சிறியது. ரிவால்வருக்கான .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் சுமார் 32 மில்லிமீட்டர், விளிம்பு நன்றாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கான்பூரில் 2014-ல் வெளிவந்த நிர்பீக், அதற்கு முந்தைய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .32 ரிவால்வர், 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் மூன்றுமே இந்த நீளமான தோட்டாவைத்தான் ஏற்கும். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர் அறைகளில் நுழைந்துகூட விடும். நுழைகிறதே என்று பயன்படுத்தாதீர்கள். கடையிலேயே ஒன்றை எடுத்து விளிம்பைப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்குங்கள். வாங்கிய எண்ணிக்கையும் தேதியும் லைசன்ஸில் ஏறியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே சரிபாருங்கள்.

மூன்றாவது: எதில் வைப்பது

ஸ்பீட் லோடர் என்று ஒரு வட்டக் குமிழ் உண்டு. ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் சிலிண்டருக்குள், அதாவது தோட்டா போடும் அறைகள் உள்ள உருளைக்குள், இறக்கிவிடும். வேகம் அதிகம்தான், ஆனால் பருமன். நம் ஊர் வெயிலுக்குப் போடும் மெல்லிய காட்டன் சட்டைக்குள் புடைத்துக்கொண்டு தெரியும். தவிர, ஒவ்வொரு லோடரும் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரின் அளவுக்குச் செய்தது. வெளிநாட்டு மாடலுக்குச் செய்ததை நம்முடைய ரிவால்வரில் வைத்தால் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஸ்பீட் ஸ்ட்ரிப் என்பது தட்டையான ரப்பர் பட்டை. தோட்டாக்கள் அதில் வரிசையாகச் செருகியிருக்கும். இரண்டிரண்டாக அறைக்குள் விட்டுப் பட்டையை மடக்கி இழுக்க வேண்டும். கொஞ்சம் மெதுவானது. ஆனால் பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. மறைத்து எடுத்துச் செல்கிறவருக்கு என் பரிந்துரை இதுதான். .38-க்கான பட்டை வேறு, .32-க்கான பட்டை வேறு. .38-இன் விளிம்பு பெரியது, அந்தப் பட்டையில் .32 நிற்காமல் கழன்று விழும்.

இரண்டும் கிடைக்காவிட்டால் தோல் லூப். பெரியமேட்டில் தோல் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பெல்ட்டில் கோக்கும் ஆறு வளையப் பட்டை ஒன்றை அவர்களில் ஒருவரிடம் கேட்டால் செய்து தருவார். "அண்ணே, அளவுக்கு ஒரு தோட்டா குடுங்க" என்று கேட்பார். கொடுக்கக் கூடாது. லைசன்ஸ் இல்லாதவர் கையில் தோட்டா ஒன்றே ஒன்று இருந்தாலும் அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. எட்டரை மில்லிமீட்டர் பருமனில் ஒரு மரக்குச்சியைக் கடைந்து எடுத்துக்கொண்டு போங்கள். தோட்டாக் கூட்டின் பருமன் ஏறக்குறைய அவ்வளவுதான். குச்சியை வளையத்தில் செருகித் தலைகீழாக உதறிப் பாருங்கள். விழக் கூடாது. அதே சமயம் கட்டைவிரலால் கீழிருந்து தள்ளினால் ஏறி வர வேண்டும்.

சட்டைப் பை வேண்டவே வேண்டாம், குனிந்தால் கொட்டிவிடும். சில்லறையும் சாவியும் இருக்கும் பாக்கெட்டும் வேண்டாம். தோட்டாவின் அடியில் நடுவே இருக்கும் சின்ன வட்டம்தான் பிரைமர், அடி பட்டால் தோட்டாவை வெடிக்க வைப்பது. கூரான எதுவும் அதில் இடிக்காமல் இருப்பது நல்லது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைப்பதும் வேண்டாம். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நான்காவது: எந்தப் பக்கம்

இதை உங்கள் துப்பாக்கி எப்படித் திறக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். ஆர்டினன்ஸ் ஃபேக்டரி ரிவால்வரும் நிர்பீக்கும் நடுவில் மடங்கித் திறப்பவை. வலது கை பிடியை விடாது. இடது கைதான் குழலைக் கீழே இறக்கும், தோட்டாவையும் அதே கைதான் போட வேண்டும். ஆகவே வலக்கைக்காரருக்குக் கூடுதல் தோட்டா இடது முன்பக்கம். பிரபல் போல சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் துப்பாக்கியில், சிலிண்டரை இடது கையில் தாங்கிக்கொண்டு வலது கையால் போடுவது பலருக்கும் வசதி. அப்படியானால் வலது முன்பக்கம், உறைக்குச் சற்று முன்னால். முதுகுப் பக்கம் யாருக்கும் வேண்டாம். பைக்கில் உட்கார்ந்தால் அழுத்தும், அவசரத்தில் கையும் எட்டாது.

சட்டையை வெளியே விட்டுக்கொள்ளுங்கள், பெல்ட் தடிமனாக இருக்கட்டும். வேட்டி கட்டும் பெரியவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: துப்பாக்கி எடுத்துப் போகிற நாளில் பேண்ட் போடுங்கள். மடித்துக் கட்டிய வேட்டியின் இடுப்பில் செருகிய எதுவும் அந்த இடத்தில் நிலைக்காது. துப்பாக்கியை உறையில் போட்டு, வெளியில் தெரியாமல் மூடி எடுத்துச் செல்ல வேண்டும், பொது இடத்தில் எடுத்துக் காட்டக் கூடாது என்பதை 2016 ஆயுத விதிகளும் சொல்கின்றன.

ஐந்தாவது: பழகுங்கள்

அசல் தோட்டாவை வீட்டில் பூட்டிவிட்டு, வேறு அறையில், மருந்தில்லாத டம்மித் தோட்டாவோடு பழகுங்கள். மடங்கித் திறக்கும் துப்பாக்கிக்கு முறை இது. விரலை டிரிக்கரிலிருந்து எடுங்கள். வலது கட்டைவிரலால் தாழ்ப்பாளைத் தள்ளுங்கள். துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்து, இடது கையால் குழலை ஒரே மூச்சில் முழுதாக இறக்குங்கள். நடுவிலிருக்கும் நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறு கூட்டையும் வெளியே தள்ளிவிட்டுப் பட்டென்று உள்ளே போகும். தயங்கித் தயங்கித் திறந்தாலோ, சாய்க்காமல் திறந்தாலோ ஒரு கூடு அந்தத் தகட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய நகக்கண்ணால் நோண்ட வேண்டியிருக்கும். ஆகவே சாய்ப்பது, முழுதாகத் திறப்பது இரண்டையும் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: இரண்டு குண்டு மட்டும் சுட்டிருந்தாலும் முழுதாகத் திறந்தால் சுடாத நான்கும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். அதனால் இந்த வகைத் துப்பாக்கியை ஆறும் சுட்டு முடிக்கும் முன்பே திறக்காதீர்கள். தோட்டா வெடிக்காமல் போனால் திறக்கத் தேவையில்லை, டிரிக்கரை இன்னொரு முறை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். பயிற்சித் தளத்தில் மட்டும், வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்துக் காத்திருந்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

காலி செய்த பிறகு குழல் தரையைப் பார்த்து இருக்கட்டும். அறைகள் மேல்நோக்கி நிற்கும், டம்மிகள் தன் எடையிலேயே உள்ளே இறங்கும். இரண்டிரண்டாகப் போடுங்கள். ஆறும் போட்ட பிறகுதான் மூட வேண்டும் என்றில்லை, நேரமில்லை என்றால் நான்கோடு மூடவும் பழகுங்கள். மூடும்போது தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்க வேண்டும். சினிமாவில் வருவதுபோல் உதறி அடித்து மூடினால் கீல் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கடல் காற்று

வடசென்னையில் இருப்பவர்களுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது இது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் உப்புக் காற்று. அதோடு இடுப்பு வியர்வையும் சேரும். தோட்டாவின் கூடு பித்தளை. தோல் லூப்பில் அப்படியே விட்டு வைத்தால், தோலின் பதப்படுத்தும் ரசாயனமும் வியர்வையும் சேர்ந்து, வளையம் இறுக்கிப் பிடித்த இடத்தில் சரியாக ஒரு பச்சை வட்டம் கட்டும். கோயில் விளக்கில் ஏறும் அதே களிம்பு. விரலால் தடவினால் மாவுபோல் ஒட்டும், சில சமயம் பிசினாக இருக்கும். அந்தத் தோட்டா அறைக்குள் பாதி இறங்கி நின்றுவிடும். நல்ல நேரத்தில் சிக்கினால் பரவாயில்லை, தேவைப்படும் நேரத்தில் சிக்கினால் எடுத்துப் போனதே வீண்.

அதனால் லூப் எடுத்துச் செல்வதற்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் தோட்டாக்களை வெளியே எடுத்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். எண்ணெய் தடவாதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். பிரைமரின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து உள்ளே போனால் தோட்டா செத்துவிடும். எண்ணெய் துப்பாக்கிக்கு, அதுவும் ஒரு மெல்லிய பூச்சு.

உடம்போடு சுற்றிய தோட்டாக்களை வருடக்கணக்கில் அப்படியே சுமக்க வேண்டாம். பயிற்சித் தளத்துக்குப் போகும்போது முதலில் அவற்றைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் புகுந்த வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. அப்படி வெள்ளத்தில் ஊறிய தோட்டாவை, காய்ந்துவிட்டது என்று திரும்பவும் துப்பாக்கியில் போடக் கூடாது. வெயிலில் காய வைப்பது, அடுப்பருகே வைப்பது எல்லாம் ஆபத்து. தனியாக எடுத்து வைத்து, லைசன்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் என்ன செய்வது என்று கேளுங்கள்.

எங்கே போகக் கூடாது

திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம், இந்த இடங்களுக்குத் தனி அனுமதியில்லாமல் எடுத்துப் போகக் கூடாது என்பது லைசன்ஸின் நிபந்தனையிலேயே இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்கோ பெரம்பூர் லூர்து மாதா தேருக்கோ போகிற அன்று வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். துப்பாக்கியை வைத்துவிட்டுத் தோட்டாப் பட்டையைப் பாக்கெட்டில் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மெட்ரோவில் ஏறுவதற்கு முன்னும் இதே கவனம் வேண்டும்.

விமான நிலையம் இன்னும் கறார். பழைய தோள்பையின் ஓரத்தில் கிடந்த ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்து, விமானத்தையும் விட்டு, வழக்கிலும் மாட்டுகிறவர்கள் நாடெங்கும் உண்டு. அறிந்து வைத்திருப்பதுதான் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலும் 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய முடிகிறது என்றாலும், அதுவரை அலைச்சலும் செலவும் உங்களுடையது. இதனால்தான் தோட்டாவுக்கென்று ஒரே இடம், ஒரே பட்டை என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பைகளில் எப்போதும் போடாதீர்கள்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் தோட்டாவையும் சேர்த்துக் கொடுத்து, ரசீதில் எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள்.

ராத்திரிக் கணக்கு

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். ஆறு. பட்டையிலிருந்து ஆறு. இரண்டையும் எண்ணி, டப்பாவில் இருப்பதோடு சேர்த்து ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில்.

ஒன்று குறைந்தால் அன்றைக்கே தேடுங்கள். போட்டிருந்த பேண்ட், வண்டி சீட், கடை நாற்காலியின் இடுக்கு, துவைக்கப் போட்ட துணிக்கூடை எல்லாவற்றையும் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் காலைவரை தள்ளிப்போடாமல் லைசன்ஸ், கடை ரசீது, அந்த நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.